வரப்பெல்லாம் புல், ஆட்டில் ஏன் சதை இல்லை? செம்மறித் தீவனம்: கேள்வி பதில்

மன்னார்குடி: அண்ணே, 20 செம்மறி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் வரப்பெல்லாம் புல். வயிறு புடைக்க மேய்கிறது, ஆனால் முதுகில் கை வைத்தால் எலும்புதான் தட்டுகிறது. பூச்சி மருந்தும் கொடுத்தாகிவிட்டது.

தம்பி, மழைக்காலப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் காய வைத்துக் கணக்குப் போட்டாலும் புரதம் நூற்றுக்கு 6 முதல் 10 வரைதான். பூத்து முற்றினால் இன்னும் கீழே. வைக்கோல் 3, 4-ஐத் தாண்டாது. அகத்தி, சவுண்டல் (சூபாபுல்) மரத் தழையில் 20-க்கு மேல் இருக்கும். இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்களுக்குப் புரதம் கிடைத்தால்தான் அவை புல்லின் நாரையே செரிக்கும். அதனால் கொஞ்சம் தழை போட்டால் தின்ற புல்லும் உடம்பில் ஒட்டும். 25, 30 கிலோ ஆடு நாளைக்கு 4 கிலோ பச்சை தின்னும் என்றால் அதில் ஒன்றேகால் கிலோ தழையாக இருக்கட்டும்.

இன்னொன்று. நத்தை கிடக்கும் வயலில் மேய்ந்தால் தட்டைப்புழு வரும். எல்லாப் பூச்சி மருந்தும் அதைக் கொல்லாது. புழுக்கையை மருந்தகத்தில் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.

ஒரத்தநாடு: ஐயா, கிளைரிசிடியா மரத் தழையை வெட்டிப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு எல்லாம் ஒதுங்கிவிட்டது.

அம்மா, செம்மறி குனிந்து புல் மேய்கிற சாதி. அண்ணாந்து குழை கடிப்பது வெள்ளாடு. கிளைரிசிடியாவின் பச்சை வாசனையும் அதற்கு ஆகாது. காலையில் வெட்டி, சாயங்காலம் வரை வாடவிட்டு, உப்புத் தண்ணீர் தெளித்துத் தாருங்கள். பட்டியில் ஒரு வெள்ளாடு இருந்தால் அதையும் சேர்த்து விடுங்கள். அது தின்பதைப் பார்த்தால் மற்றவை சும்மா நிற்காது. ஒரு வாரம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கும்பகோணம்: வெற்றிலைக் கொடிக்கால்காரர் கழிக்கிற அகத்தியைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ராஜ தீவனம், விடாதீர்கள். வெற்றிலைக்கு மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தமாக அகத்தி வைத்தால் பக்கக் கிளைகளை மட்டும் ஒடியுங்கள். மொட்டையடித்தால் மரம் பட்டுப்போகும்.

வலங்கைமான்: சவுண்டல் தின்றால் ரோமம் கொட்டும் என்கிறார்களே?

கொட்டும். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப் பொருள் செய்கிற வேலை. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தினால் பயமில்லை. சினை ஆட்டுக்கு இன்னும் குறையுங்கள்.

திருத்துறைப்பூண்டி: எங்களுடையது களிமண், தண்ணீர் நிற்கும். எதை நடுவது?

சவுண்டல் வேர் தண்ணீரில் நிற்காது. களத்து மேட்டில் மட்டும் வையுங்கள். பூவரசும் கல்யாண முருங்கையும் போத்து (வெட்டிய கிளை) நட்டாலே துளிர்க்கும். ஆடிக்குள் நட்டால் அடைமழைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும். அகலமான வரப்பு இருந்தால் வேலிமசால் என்ற தீவனப் பயிரைப் போடுங்கள். விதைத் தோல் கெட்டி என்பதால் சுடுதண்ணீரில் சில நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். மூன்று மாதத்தில் முதல் அறுப்பு, அப்புறம் நாற்பது நாளுக்கு ஒருமுறை.

நீடாமங்கலம்: சம்பா தாளில் தெளித்த உளுந்தில் ஆட்டை விடலாமா?

பச்சையாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஒரு மாசி மாதம், பனி காயாத பயற்றங்கொடியில் பசியோடு விட்டு இரண்டு பெட்டையை இழந்தவன் நான். இடது பக்கம் மத்தளம் மாதிரி உப்பி, ஆள் கூப்பிடுவதற்குள் முடிந்துவிட்டது. பயறு வகை எதுவானாலும் முதலில் கொஞ்சம் வைக்கோல், பிறகு வாடிய தழை. உப்பினால் 50 முதல் 100 மில்லி நல்லெண்ணெயைப் புரையேறாமல் மெதுவாகப் புகட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். உளுந்தை அடித்தபின் கிடைக்கும் காய்ந்த கொடியில் இந்த வம்பு இல்லை. அதைக் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பாபநாசம்: மாட்டுக்கு வாங்கிய தாது உப்பையே ஆட்டுக்கும் வைக்கலாமா?

செம்மறிக்கு வேண்டாம். அதிலிருக்கும் தாமிரம் மாட்டுக்குச் சரி, செம்மறிக்கு ஈரலில் சேர்ந்து விஷமாகும். செம்மறிக்கென்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.