கொங்கிரீட் சிலாப்பில் மரக்கறிப் பாத்தி: மண்ணுக்கு முன் என்னென்ன அடுக்குகள்?

கேள்வி: ஐயா, ஹட்டனுக்குப் பக்கத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு. வீடு போக மிஞ்சிய நிலம் ஒரு பாத்திக்குத்தான் போதும். மேலே 20 அடிக்கு 15 அடி கொங்கிரீட் சிலாப் சும்மா கிடக்கிறது. கறுப்புப் பொலித்தீனை விரித்து, ஒரு அடி உயரத்துக்குத் தோட்டத்து மண்ணைக் கொட்டினால் கரட்டும் லீக்ஸும் போடலாம் என்கிறார் மேசன் பாஸ். என்னென்ன அடுக்குகள் வேண்டும்? எந்தப் பொருளை வாங்கலாம்?

பதில்: அந்த ஒரு அடி மண்ணை மட்டும் மேலே ஏற்றிவிடாதீர்கள். மழையில் ஊறிய தோட்டத்து மண் கனமீற்றருக்கு 1,800 கிலோ வரை வரும். உங்கள் சிலாப் ஏறத்தாழ 28 சதுர மீற்றர். ஒரு அடிக்கு நிரப்பினால் சதுர மீற்றருக்கு 550 கிலோ, மொத்தம் 15 தொன்னுக்கு மேல். ஆட்கள் ஏறி நடமாடும் வீட்டுக் கூரையைப் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவு சுமைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். அதற்குக் கீழேதான் உங்கள் குடும்பம் உறங்குகிறது. ஆகவே எதையும் வாங்குமுன், வீட்டுப் படத்தை ஒரு கட்டடப் பொறியியலாளரிடம் காட்டி, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ் அனுபவசாலியாக இருக்கலாம்; இருந்தாலும் சிலாப்புக்குள் இருக்கும் கம்பியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

பாரத்தை நீங்களே நிறுத்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. அடியில் துளையிட்ட 10 லீற்றர் வாளியில் கலவையை நிரப்பி, நன்றாக ஊறும்வரை தண்ணீர் விட்டு, சொட்டு நின்றதும் தராசில் வையுங்கள். வாளியின் எடையைக் கழித்து வரும் கிலோவைப் பத்தால் பெருக்கினால், 10 சென்ரிமீற்றர், அதாவது நான்கு அங்குல உயரத்துக்குச் சதுர மீற்றரில் ஏறும் சுமை தெரியும். தோட்டத்து மண் 17, 18 கிலோ காட்டும். நான் கீழே சொல்லும் கலவை சுமார் 11 கிலோதான் வரும்.

இனி அடுக்குகள். எல்லாவற்றுக்கும் அடியில் வாட்டம். தண்ணீர் வெளியேறும் துவாரமான நீர்வாய் இருக்கும் பக்கத்துக்கு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதன்மேல் சீமெந்து வகை நீர்த்தடுப்புப் பூச்சை, முதல் பூச்சுக்குக் குறுக்காக இரண்டாவது பூச்சு என்று அடியுங்கள். கைப்பிடிச்சுவரும் சிலாப்பும் சேரும் மூலையில்தான் பெரும்பாலான கசிவு தொடங்கும். அங்கே பூச்சு மண்மட்டத்துக்கு மேலும் அரை அடி ஏற வேண்டும். பூச்சு காய்ந்த பின் நீர்வாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே அறைக்குள் போய்க் கூரையின் அடிப்பக்கத்தை டோர்ச் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். ஈரம் தெரிந்த இடத்தைச் சோக்கால் வட்டமிட்டு, மேலே திருத்தி, மறுபடியும் தண்ணீர் நிறுத்துங்கள். மேலே பாத்தி போட்ட பிறகு கசிவைத் தேடுவது மிகவும் சிரமம்.

பாஸ் சொன்ன மெல்லிய பொலித்தீன் ஒரு மண்வெட்டிக் கொத்துக்குத் தாங்காது. வேரைத் தடுக்க 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள கெட்டிப் பிளாஸ்டிக் தாள் வேண்டும். இணைப்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டவும் வேண்டும். நீர்த்தடுப்புக்குத் தார்த் தாள் போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். வேர் தாரைத் துளைத்துக்கொண்டு போகும்.

வடிகால் அடுக்குக்குக் கருங்கல் சல்லியை நினைக்காதீர்கள். இரண்டு அங்குலச் சல்லியே சதுர மீற்றருக்கு 75 கிலோவைத் தின்றுவிடும். குமிழ் குமிழாக எழும்பிய பிளாஸ்டிக் வடிகால் தாள் ஓரிரு கிலோதான். விலை அதிகம், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நீர்வாயைச் சுற்றி ஓரடிக்கு மட்டும் மண்ணில்லாமல் சல்லி போட்டு, கையால் திறந்து துப்புரவாக்கக்கூடிய மூடி வையுங்கள். நீர்வாய் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று அடைபட்டு நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால் சதுர மீற்றருக்கு இன்னுமொரு 100 கிலோ ஏறிவிடும்.

அந்தத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதையும் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டிலோ, கீழ்வீட்டுச் சரிவிலோ விழக் கூடாது. குழாயில் இறக்கி, கட்டிய கானுக்குள் விடுங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைக் கண்ட நமக்கு, நீர் ஊறிய சரிவு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வடிகால் தாளுக்கு மேல் வடிதுணி. நெய்யாத, கம்பளி போன்ற ஜியோ டெக்ஸ்டைல் துணி இதற்கு ஏற்றது. சாக்கும் தும்புப் பாயும் உக்கிவிடும். உரப்பையில் சேறு அடைத்துவிடும்.

கடைசியில்தான் கலவை. நான்கு பங்கு உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு, பட்டாணி அளவில் சலித்தது. மூன்று பங்கு கழுவிய தும்புத்தூள். இரண்டு பங்கு நன்றாக உக்கிய கூட்டெரு. ஒரு பங்கு உமிக்கரி. செங்கல்லில் ஒட்டியிருக்கும் சாந்தைத் தட்டி எடுங்கள், அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் போட்டுப் பழகிய கை இங்கேயும் போடப் பார்க்கும். புளிப்பைச் சோதிக்காமல் போட வேண்டாம். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைத்துச் சேர்க்காதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோயைக் கொண்டுவரும்.

நான்கு அங்குலக் கலவை, தாள், துணி எல்லாம் சேர்ந்து சதுர மீற்றருக்கு 115 கிலோ அளவு வரும். மேலே சொன்ன 150 கிலோவில் மிஞ்சுவதில்தான் நீங்கள் ஏறி நிற்க வேண்டும். ஆகவே சிலாப் முழுவதையும் நிரப்பாமல், கீழே சுவர் வரும் கரைகளை ஒட்டி மூன்றடி அகலப் பாத்திகளாகப் போட்டு, நடுவை நடைபாதையாக விடுவதே என் விருப்பம்.

அந்த உயரத்துக்குச் சலாது, வெங்காயத் தாள், கொத்தமல்லி, புதினா, ஸ்ட்ரோபெரி நன்றாக வரும். கரட்டுக்கு எட்டு அங்குலமாவது ஆழம் வேண்டும், லீக்ஸுக்கு மண் அணைக்க வேண்டும். இரண்டையும் கீழ்ப்பாத்தியிலேயே வையுங்கள். மெல்லிய கலவையில் மழை உரத்தைக் கழுவிக்கொண்டு போகும் என்பதால், உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி இடுங்கள். சுவர் வெடிப்பில் அரசங்கன்று தலைகாட்டினால் இரண்டு இலையிலேயே பிடுங்கிவிடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயிலில் பூச்சையும் தண்ணீர்ச் சோதனையையும் முடித்தால், மே மாதம் பெருமழை தொடங்குமுன் செடி வேர்பிடித்துவிடும். பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழையுங்கள். சிலாப்பின் பாரத்துக்குப் பொறியியலாளரின் சொல்லே முடிவு.