சைல்ட்கேர் வேலைக்குப் போலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

மெல்பர்ன் வந்து மூணு மாசம் ஆச்சு, எம்.எஸ்சி., பி.எட்., ஊர்ல நாலு வருஷம் மெட்ரிக் ஸ்கூல்ல கணக்கு டீச்சர், இங்க சைல்ட்கேர் வேலைக்கான ஆரம்பப் படிப்பான சர்ட்டிஃபிகேட் த்ரீ பண்ணலாமா, எந்த காலேஜ், சம்பளம் எவ்வளவு, நிரந்தரமா இங்கயே தங்கற பிஆர் விசாவுக்கு உதவுமா, "குழந்தைங்கன்னா எனக்கு உயிரு, அதனால வேலை ஈஸியாத்தான் இருக்கும்ல அக்கா"ன்னு கேட்டிருந்தீங்க. அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் 2011 ஜூன் மாசம் கண்ணு முன்னாடி வந்து நின்னுடுச்சு. நானும் திருச்சியில டீச்சரா இருந்துட்டு வந்தவதான், நானும் இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

பிஆர் விஷயத்தை மைக்ரேஷன் ஏஜென்ட்கிட்ட கேளுங்க, ரூல் மாறிக்கிட்டே இருக்கு. சம்பளம் அவார்டுப்படிதான், அதான் இந்த வேலைக்குன்னு சட்டப்படி வெச்சிருக்கிற குறைஞ்சபட்ச சம்பளம், அதுக்கு மேல 2024 டிசம்பர்ல 10 சதவீதம், 2025 டிசம்பர்ல 5 சதவீதம் ஏத்தறதுக்கு கவர்மென்ட் காசு குடுக்குது, நீங்க போற சென்டர் அந்தத் திட்டத்துல இருக்கான்னு இன்டர்வியூலயே கேட்டுருங்க. இது ரெண்டுக்கும் இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.

காலேஜ் பத்தி மட்டும் கொஞ்சம் கோவமாவே சொல்றேன். வாட்ஸ்அப் குரூப்ல "மூணு வாரத்துல சர்ட்டிஃபிகேட், பிளேஸ்மென்ட் பத்தி கவலை வேணாம்"னு நம்ம ஆளுங்களே விளம்பரம் போடறாங்க, அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க. சர்ட்டிஃபிகேட் த்ரீக்கு 160 மணி நேரம், டிப்ளமாவுக்கு 280 மணி நேரம் நிஜமான சென்டர்ல நின்னு வேலை பாக்கணும், அதுதான் பிளேஸ்மென்ட், அதைக் குறைக்க யாராலும் முடியாது. 2024 கடைசியில இருந்து ஆஸ்க்வா, அதான் காலேஜ்களைக் கண்காணிக்கிற ஆபீஸ், சரியா சொல்லித்தராம சர்ட்டிஃபிகேட் குடுத்த இடங்கள்ல படிச்ச ஆயிரக்கணக்கான பேரோட சர்ட்டிஃபிகேட்டையே ரத்து பண்ணிடுச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு அப்படி வாங்கிட்டு வந்து பேபீஸ் ரூம்ல நின்னா, குழந்தைய மல்லாக்கப் படுக்க வைக்கணும், முகத்துல துணி படக் கூடாதுங்கறதே அவளுக்குத் தெரியல. பணம் போனா சம்பாதிச்சுக்கலாம், இன்னொருத்தர் குழந்தையோட மூச்சை நம்பி நம்மகிட்ட விட்டுட்டுப் போறாங்க, அதை நினைச்சா எனக்கு இப்பவும் வயித்தைக் கலக்குது.

சரி, "ஈஸியா இருக்கும்ல"ங்கறதுக்கு வரேன். என் பிளேஸ்மென்ட் நல்ல குளிர்ல ஆரம்பிச்சுது. டாண்டினாங் ஸ்டேஷன்ல அஞ்சே முக்காலுக்கு டிரெய்ன், ஏழரை வரைக்கும் விடியாது, கையெல்லாம் மரத்துப் போயிருக்கும். மூணாவது நாள் லஞ்ச் டைம், ஒண்ணே முக்கால் வயசுப் பையன் பாஸ்தா வேணாம்னு தலையைத் திருப்பிக்கிட்டான். நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம், காக்கா பாரு குருவி பாருன்னு வேடிக்கை காட்டி வாய் திறந்ததும் ஒரு வாய் உள்ள தள்ளிடுவோம், அதைத்தான் பண்ணேன். ரூம் லீடர் ஒரு அறுபது வயசு அம்மா, என் கையில இருந்து ஸ்பூனை மெதுவா வாங்கி தட்டுல வெச்சுட்டு "அவன் வேணாம்னு சொல்லிட்டானே"ன்னாங்க. திட்டல, சத்தம்கூடப் போடல. நான் டாய்லெட்ல போய் உக்காந்து அழுதேன், ஆசையாத்தானே ஊட்டினேன், இதுல என்ன தப்புன்னு. எது, எப்போ சாப்பாடுன்னு நாம முடிவு பண்ணலாம், எவ்வளவுங்கறதை அவன் வயிறு சொல்லணும், வேணாம்னு சொன்னா அதுக்கு மதிப்பு இருக்குன்னு இந்த வயசுல தெரிஞ்சாதான் நாளைக்கு எவனாவது தப்பா தொட்டாலும் வேணாம்னு சொல்லத் தெரியும்னு அந்தம்மா சாயங்காலம் உக்கார வெச்சு சொன்னாங்க. நாலு வருஷம் டீச்சரா இருந்த எனக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்ல.

அதனால இதையெல்லாம் இப்பவே வீட்டுல பழகுங்க. கன்னத்தைக் கிள்ளாதீங்க, முத்தம் குடுக்காதீங்க, நாப்பி, அதான் டயப்பர், மாத்தறதுக்கு முன்னாடி பச்சக் குழந்தையா இருந்தாலும் மாத்தப் போறேன்னு அதுகிட்ட சொல்லிட்டுத் தொடுங்க. சென்டர்ல அடிக்கறது சட்டப்படி குத்தம், அது உங்களுக்கே தெரியும், ஆனா "ஷேம் ஷேம்"னு சொல்றதும் பூச்சாண்டி வருவான்னு பயம் காட்டறதும்கூட இங்க நிக்காது. நம்ம மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்துல மூணு வயசுக்குள்ள நாலு குழந்தைக்கு ஒருத்தர், அதுக்கு மேல பதினோரு குழந்தைக்கு ஒருத்தர், ஊர்ல நாப்பது பேரை விசிலடிச்சு உக்கார வெச்ச பழக்கம் இங்க செல்லாது, தரையில முட்டி போட்டு அது கண்ணு மட்டத்துல பேசணும். எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு அது கைக்கு வர. வந்துடுச்சுன்னு பெருமையாவே சொல்லுவேன்.

அடுத்தது எழுதறது. "இன்னிக்கு ரொம்ப சேட்டை"ன்னு எழுதாதீங்க, என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க, எத்தனை மணிக்கு, எங்க, குழந்தை என்ன வார்த்தை சொல்லுச்சு. ஏன்னா ஒரு நாள் அது தேவைப்படும். 2019 மார்ச்ல இருந்து இங்க நம்ம மாதிரி வேலை பாக்கறவங்களும் குழந்தைங்க பாதுகாப்பைப் பாக்கற அரசு ஆபீசுக்குக் கட்டாயம் ரிப்போர்ட் பண்ண வேண்டியவங்க. ஒரு குழந்தைக்கு வீட்டுல அடியோ பாலியல் கொடுமையோ நடக்குது, பெத்தவங்க காப்பாத்தலன்னு நியாயமான காரணத்தோட நீங்க நம்பினா சொல்லியாகணும், சாட்சி தேடிக்கிட்டு நிக்கக் கூடாது, டைரக்டர் காதுல போட்டாச்சு நம்ம வேலை முடிஞ்சுதுன்னும் இருக்கக் கூடாது, ரிப்போர்ட் போச்சான்னு பாக்கணும். நம்ம பாஷை பேசறவங்கன்னா இன்னும் கஷ்டம். ஒரு தடவை ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு "அக்கா நீங்களும் நம்ம ஊர்தானே, இதை எழுதாதீங்க"ன்னாங்க. எழுதினேன். ரெண்டு மூணு வீட்டு விசேஷத்துக்கு அதுக்கப்புறம் எங்களைக் கூப்பிடல. அந்தக் குடும்பத்துக்கு உதவி கிடைச்சுது, குழந்தை வீட்டுலயேதான் இருக்கு. இன்னொரு தடவை நடந்தாலும் எழுதுவேன். யாருக்கும் "வெளிய சொல்லமாட்டேன்"னு மட்டும் வாக்குக் குடுத்துடாதீங்க.

விசேஷம்னதும் இன்னொண்ணு. டீச்சரா இருந்துட்டு இங்க வந்து ஆயா வேலையான்னு நம்ம ஆளுங்கதான் கேப்பாங்க, வெள்ளைக்காரங்க யாரும் கேட்டதில்ல. கேக்கறவங்க குழந்தைய காலைல ஏழு மணிக்கு நம்மகிட்டதான் விடுவாங்க. அதே ஆளுங்கதான் "குழந்தைகிட்ட இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, தமிழ் பேசினா குழம்பிடுவான்"னும் சொல்லுவாங்க. இதைக் கேட்டா எனக்குத் தாங்காது. 2009-ல வந்து 2022-ல புதுசா எழுதின நம்ம ஃப்ரேம்வொர்க்குலயே, அதான் சென்டர்ல குழந்தைங்களுக்கு எப்படி சொல்லித்தரணும்னு சொல்ற தேசிய வழிகாட்டியிலயே, வீட்டு பாஷையைக் காப்பாத்துன்னுதான் இருக்கு.

2013-ல டாட்லர்ஸ் ரூமுக்கு ரெண்டரை வயசுல ஒரு தமிழ்ப் பையன் வந்தான். அவங்க அப்பா இப்படி சொல்லிட்டுப் போனதால நானும் ஒரு வாரம் அவன்கிட்ட இங்கிலீஷ்லயே பேசித் தொலைச்சேன். ஒரு மத்தியானம் நான் பிரேக்ல இருந்தப்ப அவன் ஒவ்வொருத்தர்கிட்டயா போய் "உச்சா, உச்சா"ன்னு சொல்லியிருக்கான், யாருக்கும் புரியல, அச்சூன்னு தும்மறானோன்னு டிஷ்யூ எடுத்து மூக்கைத் துடைச்சு விட்டிருக்காங்க. நான் திரும்பி வரும்போது நனைஞ்ச பேன்ட்டோட கதவு ஓரமா நின்னுக்கிட்டிருந்தான். அழக்கூட இல்ல, அதுதான் எனக்குத் தாங்கல. "வாடா தங்கம், மாத்திக்கலாம்"னு தமிழ்ல சொன்னதும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அப்பதான் அழுதான்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து உச்சா, கக்கா, மம்மு, தாச்சி, வலிக்குது, வேணாம், அம்மா எப்ப வருவான்னு மத்தவங்களுக்கும் படிக்கத் தெரியற மாதிரி இங்கிலீஷ் எழுத்துல எழுதி மறுநாள் நாப்பி மாத்தற மேடைக்கு மேல ஒட்டினேன். அந்த ஸ்பூன் வாங்கி வெச்ச அம்மாதான் முதல்ல நின்னு வாய்விட்டுப் படிச்சாங்க. அப்புறம் ஆப்கான் பொண்ணு ஒருத்தி பக்கத்துல தாரி பாஷையில எழுதினா, வியட்நாம் அம்மா ஒருத்தங்க எழுதினாங்க, பஞ்சாபி, சிங்களம்னு சேந்துக்கிட்டே போச்சு. இப்ப அந்தச் செவுத்துல ஒன்பது பாஷை இருக்கு, ஒவ்வொரு வருஷமும் லேமினேட் பண்ணி மாத்தறோம், தமிழ் இன்னும் மேலதான் இருக்கு.