பௌர்ணமி பார்த்து டிக்கெட் போடுங்கள்

கேள்வி: நானும் மனைவியும் ஐம்பதைத் தாண்டியவர்கள். போன முறை குழுச் சுற்றுலாவில் வியட்நாம் போனோம். நாடு ரொம்பவே பிடித்துவிட்டது. ஆனால் மூன்று வேளையும் இந்திய உணவகத்து பஃபேதான். அந்த ஊர்ச் சாப்பாட்டை வாயில் வைக்கவே இல்லை. இந்த முறை சாப்பாட்டுக்காகவும் பழைய ஊர்களுக்காகவும் நாங்களாகவே போகிறோம். கையில் பத்து இரவு இருக்கிறது. ஹனோய், ஹாலாங் விரிகுடா, சாப்பா, ஹுவே, ஹோய் ஆன், சைகோன் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். மனைவி சுத்த சைவம். நான் மாட்டிறைச்சி மட்டும் தொடமாட்டேன். சரிப்படுமா?
— வாசகர், கோவை

பதில்: பட்டியலில் பாதியை அடித்துவிட்டால் சரிப்படும். ஹாலாங், சாப்பா, சைகோன் மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் போக வர ஒரு பகல் போய்விடும். அந்த நாட்டில் நல்ல சாப்பாடு பெரும்பாலும் காலையில்தான். தெருவோரக் கடை ஒன்றில் ஒரே ஒரு பண்டம்தான் இருக்கும். விடியலில் அடுப்பேற்றிய அண்டா காலியானால் கடையைக் கட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் சுற்றுலாப் பேருந்தில் உட்கார்ந்திருந்தால் மறுபடியும் பஃபேதான். ஹனோயில் மூன்று இரவு, ரயிலில் ஒன்று, ஹுவேயில் மூன்று, ஹோய் ஆனில் மூன்று. கணக்கு முடிந்தது.

தேதியை உங்கள் வீட்டு நாட்காட்டியை வைத்தே தீர்மானிக்கலாம். வியட்நாமில் சந்திர மாதத்தின் 1, 15 தேதிகளில் பௌத்தக் குடும்பங்கள் பல சைவம் சாப்பிடும். வழக்கமாகக் கறி விற்கிற கடைகள் சிலகூட அன்று சைவம் போடும். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே அந்த நாட்கள் வரும், ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக. ஹோய் ஆனில் காகித விளக்குத் திருவிழா ஒவ்வொரு சந்திர மாதமும் 14-ஆம் தேதி இரவு. ஆகவே அந்த 14-ஆம் தேதியன்று ஹோய் ஆன் போய்ச் சேர்கிற மாதிரி, சரியாக ஒரு வாரம் முன்பு ஹனோயில் இறங்குங்கள். அன்று இரவு விளக்கு, மறுநாள் மனைவிக்கு விருந்து. மாதம் பங்குனி நல்லது. சித்ரா பௌர்ணமி ஏப்ரல் கடைசியில் விழுந்தால் வேண்டாம். ஏப்ரல் 30, மே 1 அங்கே விடுமுறை, கூட்டம் தாங்காது. அக்டோபர், நவம்பரில் ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் வெள்ளம் வரும். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் வரும் தேத் புத்தாண்டின்போது கடைகள் பூட்டிக் கிடக்கும்.

மனைவியின் சாப்பாட்டுக்கு வருவோம். ‘வெஜிடபிள்’ என்று சொன்னால் காய்கறி வரும், மீனும் கூடவே வரும். பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரையில் மீன் சாறான நுக் மாம் ஊற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் சிப்பிச் சாறு. ஃபோ என்பது அரிசி நூடுல்ஸ் சூப்; சுற்றுலாக் கடைகளில் ‘வெஜ் ஃபோ’ என்று தருவது பல நேரம் அதே எலும்புச் சாற்றில் டோஃபு மிதப்பதுதான். கேட்க வேண்டிய சொல் ‘சாய்’. பௌத்த சைவத்தைக் குறிக்கும் சொல் அது. பலகையில் சி, எச், ஏ, ஒய் என்று நான்கு எழுத்து இருக்கும். ‘கோம் சாய்’ என்று எழுதிய கடைகள் முழுச் சைவம். பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் டோஃபு, காளான், வாழைப்பூ, பலாக்காய் என்று வைத்திருப்பார்கள். கைகாட்டினால் சோற்றின்மேல் வைத்துத் தருவார்கள். கோழி, மீன் வடிவத்தில் இருப்பதைக் கண்டு பதற வேண்டாம், அது சோயாவில் செய்தது. முட்டை கூடாது என்றால் தனியாகச் சொல்லுங்கள். தொட்டுக்கொள்ள வைக்கும் கிண்ணத்தில் மட்டும் கவனம்: ‘நுக் தூங்’ என்று கேட்டால் சோயா சாறு தருவார்கள். சுரம் மாறினால் பொருள் மாறுகிற மொழி, ஆகவே வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் கைபேசியில் அவர்கள் எழுத்தில் சேமித்துக் காட்டுங்கள். மூன்று ஊர்களில் சைவத்துக்குப் பேர்போனது ஹுவேதான். பௌத்த மடங்கள் நிறைந்த ஊர்.

உங்களுக்கு ஹனோயில் காலைச் சாப்பாடு கோழி ஃபோ. ‘ஃபோ கா’ மட்டுமே எழுதியிருக்கும் கடையாகப் பாருங்கள். கோழி, மாடு இரண்டும் விற்கிற இடத்தில் கோழித் துண்டுகளை மாட்டெலும்புச் சாற்றில் போட்டுத் தர வாய்ப்புண்டு. கிண்ணம் வந்ததும் எலுமிச்சையையும் மிளகாயையும் கொட்டிவிடாதீர்கள். முதலில் வெறும் சாற்றில் நாலு கரண்டி. பிறகு பூண்டு ஊறிய காடி சில சொட்டு. ஹனோயில் சாறு தெளிவாக, மெல்லிய ருசியாக இருக்கும். காரத்துக்குப் பழகிய நாக்குக்கு முதல் நாள் சப்பென்றுதான் தோன்றும். மதியம் பூன் சா: கரியில் சுட்ட பன்றி இறைச்சி, அரிசி நூடுல்ஸ், ஒரு தட்டு பச்சிலை. மாலையில் இதைத் தேடினால் நல்ல கடையில் கிடைக்காது.

ஹுவேயின் புகழ்பெற்ற மாட்டுக்கறி நூடுல்ஸ் சூப்பான பூன் போ உங்களுக்கு ஆகாது. மாட்டுக்கறியை எடுத்துவிடச் சொன்னாலும் சாறு மாட்டெலும்பில் வெந்ததுதான். அதற்குப் பதில் காலையில் கோம் ஹென் சாப்பிடுங்கள்: ஆறின சோறு, விரல் நகம் அளவுச் சிறு மட்டி, வேர்க்கடலை, மொறுமொறுவென்ற பன்றித் தோல், அதோடு சுருக்கென்ற மிளகாய். நம் நாக்குக்கு உடனே பிடிபடும். சாயங்காலம் பான் பேயோ, சின்னக் கிண்ணத்தில் அவித்த அரிசி மாவு. ஹோய் ஆனில் காவ் லாவ்: தடித்த நூடுல்ஸ், அடியில் இரண்டு கரண்டிச் சாறு மட்டும். சூப் மறந்துவிட்டார்கள் என்று கடைக்காரரைக் கூப்பிடாதீர்கள்.

காபி விஷயம். 1946-இல் பால் தட்டுப்பாட்டில் ஹனோயில் பிறந்தது முட்டைக் காபி, அது உங்களுக்கு. ஹுவேயில் பிறந்த உப்புக் காபி மனைவிக்கு.

ஹனோய்–ஹுவே இரவு ரயில் 13, 14 மணி நேரம். நால்வர் அறையில் கீழ்ப் படுக்கை இரண்டும் உங்களுக்கே வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஹுவேயிலிருந்து ஹோய் ஆனுக்குப் பக்கத்து நகரமான தா நாங் வரை பகல் ரயிலில் இடப்பக்க ஜன்னல். ஹாய் வான் மலையோரம் கடல் அந்தப் பக்கம்தான். தா நாங்கில் இறங்கியதும் சாம் சிற்ப அருங்காட்சியகம் பாருங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டரில் உள்ள மீ சன் கோயில்களுக்குப் போகும்போது இது உதவும்: கோயில் அங்கே, நல்ல சிற்பங்கள் இங்கே. நான்காம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை மத்திய வியட்நாமை ஆண்ட சாம் இனத்துச் சம்பா மன்னர்கள் பெரும்பாலும் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள் அவை. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் போயிற்று. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைத்தபோது, 2020-இல் ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் பேருந்துக் கூட்டம், செங்கல் சூடு.

திரும்புவதற்கு ஹனோய் வரை போகாதீர்கள். தா நாங்கிலிருந்தே சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் உண்டு. மின்விசா அரசுத் தளத்தில் ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். அதைவிட அதிகம் கேட்டால் அது இடைத்தரகர் தளம். விண்ணப்பத்தில் நுழையும் இடம் ஹனோய், வெளியேறும் இடம் தா நாங் என்று குறிப்பிடுங்கள். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். நம் ஊர்க் கடவுச்சீட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பதால் இங்கேதான் சிக்கல் வரும். விமான டிக்கெட்டிலும் அதே வரிசை இருக்கட்டும்.

பணம்: ஆயிரம் டாங் சுமார் மூன்றரை ரூபாய். 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டுமே நீலம். இரவுக் கடை வெளிச்சத்தில் அறுபது, எழுபது ரூபாய்க்குப் பதில் ஆயிரத்து எழுநூறு ரூபாயை நீட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய. பெரிய தாளைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.