சாவி யார் வீட்டில்?

அன்புள்ள அக்கா,

சென்னைக்கு வெளியே வேப்பம்பட்டில் வீடு வாங்கிக் குடிவந்து பதினெட்டு மாதம் ஆகிறது. நான் புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ராத்திரி பதினோரு மணிக்கும் எங்கள் தெருவில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், இட்லிக்கடையில் ஆவி பறக்கும். இங்கே எட்டரைக்கெல்லாம் தெரு அடங்கிவிடுகிறது. காலையில் ஏழு மணிக்குள் ரயில் வண்டியைப் பிடிக்க ஓடுகிறேன். வீடு திரும்ப இரவு எட்டாகிறது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதிலும் மாவு அரைப்பதிலும் போய்விடுகிறது. கடன் கட்டி முடிய இருபது வருஷம் ஆகும். தூங்குவதற்காக மட்டும் ஓர் ஊர் வாங்கிவிட்டோமோ என்று இருக்கிறது. குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது, எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் அடுத்த ஸ்டேஷனில்தான் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறீர்கள். இந்த அமைதி எப்போது பழகும்?

க., வேப்பம்பட்டு

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் மாமியாரைப் பற்றி எழுதிய இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நான் சொல்ல நினைப்பது அதையொட்டித்தான்.

நாங்கள் 2001-ல் திருநின்றவூருக்கு வந்தோம். பழைய ஆட்கள் இன்றைக்கும் தின்னனூர் என்றுதான் சொல்வார்கள். வந்து பதினோரு வருஷம் வரை எனக்குத் தெரிந்த ஊர் எது என்றால், வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை போகும் பாதை மட்டும்தான். எந்த முனையில் நாய் துரத்தும், மழை பெய்தால் எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், பிளாட்பாரத்தில் எந்தத் தூணுக்கு எதிரே லேடீஸ் பெட்டி வந்து நிற்கும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் விடியலுக்கு முன்னும் இருட்டிய பின்னும்தான் அந்தப் பாதையைப் பார்த்திருக்கிறேன். மார்கழியில் எங்கள் வீட்டு முன்வாசலில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

2012-ல் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மாதம் லீவு போட்டேன். லீவு எடுத்த முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருக்கும், எதிர்வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். பாத்திரத்தைத் திருப்பித் தருவதற்காக அவர் வீட்டுக்குள் போனேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஏழு வீட்டுச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் ஊக்கு, ஒன்றில் பழைய வளையல் துண்டு, இன்னொன்றில் பிள்ளைகளின் ஷூ லேஸ். இருட்டில் தடவினாலும் எந்த வீட்டுச் சாவி என்று அவருக்குத் தெரியுமாம். ஷூ லேஸ் கட்டியது எங்கள் வீட்டுடையது. வந்த புதிதில் என் கணவர் கொடுத்துவைத்திருக்கிறார். பதினோரு வருஷமாக எங்கள் சாவி அங்கே தொங்கியிருக்கிறது, அந்த வாசற்படியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக மிதித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த இரண்டு மாதமும் பார்த்தேன். சிலிண்டர் வண்டி வந்தால் யார் யாருக்கு முறை என்று அவர்தான் சொல்வார். பூட்டிய வீட்டில் டேங்க் நிரம்பி வழிந்தால் கதவைத் திறந்து மோட்டாரை அணைத்துவிட்டு வருவார். பள்ளிக்கூட வேன் வந்ததும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு தின்றபடி வீட்டுப்பாடம் எழுதும். கீரைக்கார அம்மா வெயில் இறங்கும் வரை அங்கேதான் கால் நீட்டி உட்காருவார். நீங்கள் எழுதுகிற அந்த அமைதிக்குள் பகல் முழுக்க இத்தனை வேலை நடக்கிறது. நாம் திரும்பி வருவதற்குள் அவர்கள் களைத்துப்போய் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். எட்டரைக்குத் தெரு அடங்குகிறது என்றால் அதனால்தான்.

இந்தத் தடத்தில் ரயிலுக்கு வயது அதிகம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இந்த வழியாகத்தான் ஓடியது. பிறகு பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை, அம்பத்தூர் எஸ்டேட், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று வேலையெல்லாம் தண்டவாளத்தை ஒட்டியே வந்தது. சம்பளக்காரர்களால் வாங்க முடிந்த மனை ஆவடிக்கு அப்பால்தான் கிடைத்தது. அப்படித்தான் வயல்கள் பிளாட் ஆயின. ஏரிக்கரையையும் சிலர் விட்டுவைக்கவில்லை. எங்களுக்கு மனை விற்றவர் தண்ணீர் நிற்கும் என்பதைச் சொல்லவே இல்லை. நீங்களும் உங்கள் தெருவில் வயதானவர் யாரிடமாவது கேட்டுவையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி நான் பாரிமுனையில் மாட்டிக்கொண்டேன். வண்டி இல்லை, போன் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் நிலைமை அதுதான். எதிர்வீட்டு அம்மா முழங்கால் தண்ணீரில் ஒவ்வொரு வீடாகத் திறந்து, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்துப் பரண்மேல் வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் நான் வந்து பார்த்தபோது எங்கள் வீட்டுப் பத்திரம் ஒரு பால் கவருக்குள், ரப்பர் பேண்ட் போட்டு, சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. அதற்கு அப்புறம் இந்த ஊரை வேறு யாருடைய ஊராகவும் என்னால் நினைக்க முடியவில்லை.

வண்டியில் போகிற நேரத்தையும் வீண் என்று எழுதிவிடாதீர்கள். சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் ஸ்டேஷன் வரைக்கும் எனக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். திருவள்ளூர் வண்டியில் உட்கார இடம் கிடைக்காது, தெரியும். ஆனாலும் சாயங்காலம் லேடீஸ் பெட்டியில் ஒருத்தி பீன்ஸ் ஆய்வாள், ஒருத்தி பூண்டு உரிப்பாள், நின்றுகொண்டிருப்பவள் தன் பையை உட்கார்ந்திருப்பவள் மடியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பாள். பட்டாபிராம் வருவதற்குள் மறுநாள் பொரியலுக்குக் காய் தயாராகிவிடும். ஆயுத பூஜைக்கு முந்தின வேலைநாளில் பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுப்போம். என் மகளுக்குப் படிப்பு எங்கே, கல்யாணம் எப்போது என்று அந்தப் பெட்டியில் பேசித் தீர்த்தது அதிகம். ஊரில் பாதிப் பேர் பகலில் தெருவில் இருக்கிறார்கள் என்றால் மீதிப் பேர் அந்தப் பெட்டியில் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. பூசலார் நாயனார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயில் கட்டப் பணம் சேரவில்லை, அதனால் மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, மதில் எழுப்பி, கிணறு தோண்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் பெரிய கற்கோயில் கட்டிய பல்லவ ராஜா, பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்று சிவன் சொன்னதாகக் கனவு கண்டுவிட்டு இங்கே வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்கிறார். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்கிறார்கள் ஊரார். எனக்கு அந்த ஊராரை நினைத்துத்தான் மனசு கஷ்டப்படும். தங்கள் தெருவிலேயே ஒரு மனுஷன் இத்தனை நாளாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று பக்கத்துவீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. நானும் பதினோரு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

எல்லோருக்கும் பழகிவிடும் என்று உங்களுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். என்னோடு வண்டியில் வந்த ஒரு தோழி, ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வியாசர்பாடிக்கே திரும்பிப் போனாள். இருட்டில் விளக்கில்லாத தெருவில் தினமும் பயந்து நடந்து அலுத்துவிட்டது என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. தெருவிளக்கு கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்கள் ஒரு கட்டு இருக்கும்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். வாரநாள் ஒன்றில் லீவு போடுங்கள். பேங்க், ஆதார் என்று எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பதினோரு மணிக்கு மாமியார் எங்கே போகிறாரோ அவரோடு போங்கள், அவர் யாரோடு நின்று பேசுகிறாரோ நீங்களும் நில்லுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து, நம் வீட்டுச் சாவி யார் வீட்டில் இருக்கிறது அத்தை என்று கேளுங்கள். யார் யார் வீட்டுச் சாவி நம்மிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாலும் சரி.

அன்புடன்,
அக்கா