அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி ஊர் மாறினால் மற்ற உரிமையாளர்கள் ஏன் மோதிக்கொள்கிறார்கள்?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் விதிப்படி, ஓர் அணி ஊர் மாற 32 அணிகளில் 24-இன் ஆதரவு வேண்டும். அதனால் சக உரிமையாளர்களைத் தன் பக்கம் இழுப்பதுதான் முதல் வேலை.

2016-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்காக நடந்த மோதலைப் பாருங்கள். 1995-இல் ராம்ஸ், ரெய்டர்ஸ் என்ற இரு அணிகளும் வெளியேறிய பின் அங்கே அணியே இல்லாமல் இருந்தது. அவ்வளவு பெரிய சந்தையை யார்தான் விடுவார்கள்? அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸின் உரிமையாளர் ஸ்டான் குரோங்கே, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் அரங்கம் கட்டத் திட்டமிட்டார். சான்டியாகோ சார்ஜர்ஸின் உரிமையாளர் டீன் ஸ்பானோஸும் ஓக்லாந்து ரெய்டர்ஸின் உரிமையாளர் மார்க் டேவிஸும், களத்தில் பரம எதிரிகளாக இருந்தும், குரோங்கேவுக்கு எதிராக, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலேயே உள்ள கார்சனில் கூட்டு அரங்கம் என்று கைகோத்தார்கள்.

லீக்கின் குழு கார்சனைத்தான் பரிந்துரைத்தது. ஆனால் டல்லாஸ் அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் குரோங்கேவுக்காக ஆதரவு திரட்டினார். வாக்கெடுப்பும் ரகசியமாக நடந்தது. முடிவு 30-2, குரோங்கேவுக்குச் சாதகம். மறு ஆண்டே ஸ்பானோஸ் குரோங்கேவின் அரங்கத்துக்கு வாடகைக்கு வர முடிவெடுத்தார். ரெய்டர்ஸ் அப்புறம் லாஸ் வேகஸ் போனது.

இதில் ரசிகர்களுக்கு ஓட்டே கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. ராம்ஸை இழந்த செயின்ட் லூயிஸ் தொடுத்த வழக்கு 2021-இல் 79 கோடி டாலருக்குச் சமரசமானது. அணி மட்டும் திரும்பவில்லை.