அமெரிக்காவில் வீட்டு பேஸ்மென்டில், டிரையர் பிளக்கிலிருந்து கரண்ட் எடுத்து பீர் தயாரிக்கும் செட்டப்பை நானே கட்டலாமா? எவ்வளவு செலவாகும்?

கட்டலாம். நான் கட்டியிருக்கிறேன். மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே இருக்கும் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் 2016 டிசம்பரில் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. கேள்வியில் 'டிரையர் பிளக்' என்ற வார்த்தையைப் பார்க்காமல் இருந்திருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டேன். அதைப் பார்த்த பிறகு சும்மா கடந்து போக முடியவில்லை.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. வீடு வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். பேஸ்மென்ட் பாதி காலியாகக் கிடக்கும். துணி துவைக்கும் மெஷினும், துணியை உலர்த்தும் டிரையரும் அங்கேதான் இருக்கும், பக்கத்திலேயே டிரையருக்கான 240 வோல்ட் பிளக். யூடியூபில் யாரோ பளபளவென்று மூன்று பெரிய பாத்திரங்களை (கெட்டில் என்பார்கள்) வரிசையாக வைத்து, பட்டனைத் தட்டினால் வேலை நடப்பதைக் காட்டியிருப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுவதற்கென்றே சிலர் வருவார்கள். இது சாராயம் காய்ச்சுவது இல்லை. தமிழில் இரண்டுக்கும் 'காய்ச்சுவது' என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை (மால்ட்) வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றைக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுவது பீர். 'வாலை' என்ற பாத்திரம் வைத்து ஆவியாக்கிச் சாராயம் வடிப்பது வேறு, அது இங்கே வீட்டில் செய்தால் மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வீட்டு பீருக்கு 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் வருடத்துக்கு 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குச் செய்யலாம், விற்கக் கூடாது. மாநிலங்கள் தனியாக அனுமதிக்க வேண்டியிருந்தது. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் அனுமதித்தன. தமிழ்நாட்டில் இதைச் செய்யச் சட்டத்தில் இடமில்லை, அங்கிருந்து படிப்பவர்கள் முயற்சி செய்ய வேண்டாம். குடிக்கச் சொல்லியும் நான் எழுதவில்லை. நான் மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன், பெரும்பகுதி நண்பர்கள் வீட்டுக்குப் போகிறது.

சரி, ஏன் மின்சாரம்? பேஸ்மென்டில் புரொபேன் அடுப்பு கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், புரொபேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வெளியே வைத்துச் செய்யலாம் என்றால் இங்கே ஜனவரியில் சில நாள் மைனஸ் 15 டிகிரி. அதனால் தண்ணீரைச் சூடாக்கும் 5,500 வாட் எலிமென்ட் ஒன்றை கெட்டிலிலேயே பொருத்துவதுதான் இங்கே வழக்கம். 240 வோல்ட்டில் 23 ஆம்ப் இழுக்கும், 30 ஆம்ப் லைன் போதும். 38 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும். எலிமென்ட் வாங்கும்போது நீளமாக மடித்து வளைத்திருக்கும், 'லோ வாட் டென்சிட்டி' வகையை வாங்குங்கள். குட்டையான எலிமென்ட்டில் சாறு அடிப்பிடித்துக் கருகும்.

கணக்கு இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் குளிர்காலத்தில் நான் மின்வேலைக்கான பெர்மிட் (அனுமதி) எடுக்கவில்லை. டிரையர் லைனிலேயே சொருகினேன். கன்ட்ரோல் பாக்ஸ் நானே கட்டியது. வெப்பநிலையைப் பார்த்து கரண்ட்டை விட்டுவிட்டுக் கொடுக்க ஒரு பி.ஐ.டி. கன்ட்ரோலர், அதன் கீழே, அது சொல்கிறபடி கரண்ட்டை விட்டு வெட்டும் எலெக்ட்ரானிக் சுவிட்சான ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே. அழகாக வேலை செய்தது. மால்ட்டை 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தபோது அரை டிகிரிகூட நகரவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகு ஒரு மணி நேரக் கொதி. ஐந்து லிட்டர் ஆவியானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் நீராவி, ஐந்து லிட்டருக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து டேபிள் ஃபேன் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். வெளிச்சுவரை ஒட்டிய மரச்சட்டங்கள் ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தன. நீராவி அத்தனையும் அங்கே போய் வியர்த்தது. ஒரு பழைய ஆணியின் முனையில் துருநிறத்தில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, விழுந்தது. அடுத்தது திரண்டது. அவை விழுந்த இடம் கெட்டிலின் பக்கவாட்டில், எலிமென்ட்டின் வயர் முனைகளை மூடியிருந்த சிறு பெட்டியின் மேல். துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அடுத்த சில தடவைகளில் கெட்டிலைத் தொடும்போது விரலில் இரண்டு முறை சுரீரென்றது. இங்கே குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும், ஸ்வெட்டரைக் கழற்றினாலே பொறி பறக்கும், கதவுப் பிடியைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கும். இதுவும் அதுதான் என்று விட்டுவிட்டேன்.

2017 மே மாதம் அப்பா வந்தார். அப்பா பண்ருட்டிப் பக்கம் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். மதுவைத் தொடாதவர். பேஸ்மென்டில் இறங்கியதும் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். மால்ட் ஊறிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு "நெல் அவிக்கிற வாசனை வருதேடா" என்றார். அப்புறம் கெட்டிலைச் சுற்றி வந்தார், பாக்ஸைத் திறக்கச் சொன்னார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் வைத்திருப்பார், விமானத்தில்கூட பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஆஃப் பண்ணு" என்றார். பி.ஐ.டி.யை ஆஃப் செய்தேன். எலிமென்ட்டுக்குப் போகும் முனையில் வைத்தார், டெஸ்டர் எரிந்தது. "ஆஃப் பண்ணச் சொன்னேனே?" "பண்ணிட்டேன்ப்பா." பிறகு அதை கெட்டிலின் வெளிப்பக்கம் வைத்தார். மங்கலாக, ஆனால் எரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "டேய், இதைத் தொட்டா எப்பவாவது சுரீர்னு இருந்துச்சா?" என்று கேட்டார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

நடந்திருப்பது இதுதான். நம்மூரில் ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஃபேஸை வெட்டினால் முடிந்தது. இங்கே 240 வோல்ட் என்பது இரண்டு ஃபேஸ் வயர்கள், ஒவ்வொன்றும் எர்த்துக்கு 120 வோல்ட். என் ரிலே ஒன்றை மட்டும்தான் வெட்டியது, மற்றொன்று எப்போதும் எலிமென்ட் வரை உயிரோடு நின்றது. மேலிருந்து சொட்டிய தண்ணீர் சிறு பெட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து கெட்டிலுக்குக் கசிவு. எர்த் வயரை நான் இணைக்காமல் இல்லை, பாக்ஸின் பெயின்ட் அடித்த தகரத்தின் மேல் வாஷரை வைத்து முடுக்கியிருந்தேன். பெயின்ட் கரண்ட்டைக் கடத்தாது. அப்பா கத்தி முனையால் அந்த இடத்தைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு திரும்ப முடுக்கினார். நான் ஈரமான கான்கிரீட் தரையில் வெறுங்காலோடு நின்று அந்தக் கெட்டிலைக் கழுவியிருக்கிறேன்.

எல்லாம் தெரிந்த பிறகு பேசுவது சுலபம், ஒழுங்காகப் படித்துச் செய்தால் இதெல்லாம் நடக்காதே என்று சிலர் சொல்லலாம். நானும் படித்தவன்தான், எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன், டிரையர் பிளக்கில் எத்தனை துளை இருக்கிறது என்று போய் எண்ணிப் பாருங்கள். மூன்று என்றால் அது பழைய வகை. இரண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், எர்த் கிடையாது. 1996-இல் வந்த மின் விதிகளுக்குப் பிறகு புதிதாகப் போடுவதெல்லாம் நான்கு துளை. மூன்று துளையில் பீர் கெட்டிலைச் சொருகவே சொருகாதீர்கள், அடாப்டர் கிடைக்கிறது என்றாலும் கூட.

நான்கு துளை இருந்தாலும் ஜி.எஃப்.சி.ஐ. இல்லாமல் வேண்டாம். போகிற கரண்டும் வருகிற கரண்டும் 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு மாறினாலே வெட்டிவிடும். நம்மூர் வீடுகளில் மாட்டும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர், இது அதைவிடக் கூர்மை. 30 ஆம்ப் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் விலை அதிகமாக இருந்தால், ஹாட் டப்புக்கு (வெந்நீர்க் குளியல் தொட்டி) ஜி.எஃப்.சி.ஐ.யோடு விற்கும் 50 ஆம்ப் 'ஸ்பா பேனல்' வாங்கி, வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் மெயின் பேனலில் உள்ள 30 ஆம்ப் பிரேக்கருக்கு அடுத்து மாட்டலாம். ஹோம் ப்ரூ செய்பவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். 30 ஆம்ப் பிரேக்கர் அப்படியே இருக்க வேண்டும், அதுதான் வயரைக் காப்பாற்றுவது. எலிமென்ட்டுக்கு முன்னால் இரண்டு ஃபேஸையும் சேர்த்து வெட்டும் 'கான்டாக்டர்' என்ற பெரிய ரிலே ஒன்று கட்டாயம். சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், அப்போது உங்களைக் காப்பது அந்தக் கான்டாக்டர்தான்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், மனதில் கிடந்து உறுத்துகிறது. அந்த மே மாதமே இங்கே ஒரு தமிழ் வீட்டு விருந்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். ஒருவர் அப்பாவிடம், "ஈ.பி.யில என்ன போஸ்ட் சார்?" என்றார். "வயர்மேன்" என்றார் அப்பா. அவர் "ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்காரர் பக்கம் திரும்பிவிட்டார். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, கம்பங்கள் வரிசையாக விழுந்தன. அப்பா பத்து நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். உள்ளங்கை முழுக்கக் கம்பி கிழித்த கோடுகள். எத்தனை இன்ஜினியர்கள் நிறைந்திருந்தோம் அந்த விருந்தில். ஒரு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அன்று அங்கேயே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சரி, நீராவிக்கு வருகிறேன். அப்பா ஊருக்குப் போவதற்கு முன்பே பெர்மிட் எடுத்தேன். எங்கள் ஊரில் சொந்த வீட்டுக்கு வீட்டுக்காரரே எடுக்கலாம், உங்கள் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டர் இருபது நிமிடம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். பிறகு கெட்டிலுக்கு மேலே ஒரு ஹூட், ஆறு அங்குல டக்ட், வெளியே தள்ளும் ஃபேன். சொட்டுவது நின்றது. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் வாட்டர் ஹீட்டர் கேஸில் ஓடி, புகையைக் குழாய் வழியே தானாக மேலே அனுப்பும் பழைய வகை என்றால், பெரிய ஃபேன் பேஸ்மென்ட் காற்றை வெளியே உறிஞ்சும்போது அந்தப் புகை திரும்பி வீட்டுக்குள் வரும். ஃபேன் ஓடும்போது காற்று உள்ளே வர இன்னொரு வழி வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் பேஸ்மென்டிலேயே வேண்டும்.

நான் கடைசியில் ஃபேனை விட்டுவிட்டு ஸ்டீம் கண்டென்சருக்கு மாறினேன். கெட்டிலுக்கு இறுக்கமான மூடி. ஆவி ஒரு குழாய் வழியாக இறங்கும்போது உள்ளே மெல்லிய தண்ணீர் ஸ்ப்ரே அதைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி டிரெயினுக்கு அனுப்பிவிடும். மணிக்கு 20 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் செலவு. மூடி இருப்பதால் கொதியைத் தக்கவைக்க முன்பைவிடக் குறைந்த பவரே போதும். மூடி போட்டுக் கொதிக்கவைத்தால் பீரில் வெந்த சோள வாசனை வரும் என்பார்களே என்று கேட்பீர்கள். கண்டென்ஸ் ஆன தண்ணீர் திரும்ப கெட்டிலில் விழாமல் வெளியே போய்விடுவதால் எனக்கு அது வந்ததில்லை.

செலவு: எனக்கு இரண்டு வருடத்தில் 3,200 டாலர் ஆனது. அதில் மூன்று கெட்டில்களுக்குப் போட்ட பணத்தை இன்று போட மாட்டேன். ஒரே கெட்டில், மால்ட்டைத் துணிப் பையில் கட்டி உள்ளேயே ஊறவைக்கும் முறை, ஒரு தடவைக்கு 19 லிட்டர் பீர். உங்களுக்கு அது போதும். ஒரு பம்ப், கொதித்த சாற்றை ஆறவைக்க ஒரு சில்லர், நல்ல தெர்மாமீட்டர். மிச்சப்படும் பணத்தில் ஜி.எஃப்.சி.ஐ., கான்டாக்டர், கண்டென்சர் மூன்றையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். பொறுமையாகத் தேடி வாங்கினால் 1,200 முதல் 1,500 டாலருக்குள் முடிக்கலாம், லைன் இழுக்க எலெக்ட்ரீஷியன் கூலி தனி.

நொதிக்க வைக்கத் தனியாக ஃப்ரிட்ஜ் எதுவும் முதலில் வேண்டாம். குளிர்காலத்தில் எங்கள் பேஸ்மென்ட் தானாகவே 17 டிகிரியில் நிற்கிறது, ஏல் என்ற பீர் வகைக்கு அது நல்ல சூடு.

டிரையரும் கெட்டிலும் ஒரே லைனில் இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டே இருப்பீர்கள், சீக்கிரமே பிளக் தளர்ந்து சூடேறும். பேனலின் உள்மூடியைக் கழற்றாமல், வெளிக்கதவை மட்டும் திறந்து அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டவணையையும் பிரேக்கர்களையும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் பிரேக்கர் போட இரண்டு இடம் காலியாக இருக்கிறதா, மெயின் 100 ஆம்ப்பா 200 ஆம்ப்பா, வாட்டர் ஹீட்டர் எந்த வகை, டிரையர் பிளக்கில் எத்தனை துளை. இந்த நான்கையும் எழுதுங்கள், மேற்கொண்டு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.