கார்களில் எல்லாமே தொடுதிரைக்கும் பொத்தானுக்கும் மாறுவது நல்லதா, பழைய இயந்திரத் தாழ்ப்பாளும் பூட்டும் இருப்பது நல்லதா?

மற்ற பல விஷயங்களில் திரையோடு ஒத்துப்போய்விடுவேன். கதவில் மாட்டவே மாட்டேன். காரை விட்டு இறங்க நாம் தினமும் இழுக்கிற கைப்பிடி, பேட்டரி செத்துப்போன நேரத்திலும் அதே இடத்தில், அதே இழுப்பில் கதவைத் திறக்க வேண்டும். "அவசரத்துக்கு வேறொரு லிவர் இருக்கிறது, கையேட்டில் போட்டிருக்கிறோம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அந்த வடிவமைப்பை நான் நல்லதென்று சொல்ல மாட்டேன். கார் கதவுகளைக் கழற்றி மாட்டுவது என் தொழில். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதவின் ஓரத்தில் தெரிகிற லாட்ச்சின், அதாவது தாழ்ப்பாளின், வாய்க்குள் கவை வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு சுழலும். கதவைச் சாத்தும்போது தூணில் இருக்கிற வளையத்தில் அது மோதித் திரும்பிக் கவ்விக்கொள்ளும். உடனே ஸ்பிரிங் வேகத்தில் ஒரு கொக்கி வந்து விழுந்து, கவை பின்னால் திரும்பாமல் தடுக்கும். இதில் இரண்டு படி உண்டு. மெதுவாகச் சாத்தின கதவு முழுக்க மூடாமலும் திறந்துவிடாமலும் அரைகுறையாக நிற்குமே, அது முதல் படி. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 206-ன்படி முழுதாக விழுந்த லாட்ச் நீளவாக்கில் 11,000 நியூட்டன், குறுக்குவாக்கில் 9,000 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். முதல் எண்ணை எடையாகச் சொன்னால் ஏறக்குறைய 1,100 கிலோ. ஐ.நா. வழியாக உலக நாடுகள் 2004-ல் ஏற்றுக்கொண்ட முதல் பொது வாகனத் தொழில்நுட்ப விதியும் கதவுப் பூட்டைப் பற்றியதுதான்.

இந்த விதிகளின் முக்கிய அக்கறை, மோதலில் கதவு திறந்து ஆள் வெளியே தூக்கி வீசப்படக் கூடாது என்பது. உள்ளே இருப்பவர் வெளியே வர முடியுமா என்பது அன்றைக்குப் பெரிய கேள்வியாக இருக்கவில்லை. கைப்பிடிக்கும் கொக்கிக்கும் நடுவில் இருந்தது ஒரு கம்பி அல்லது கேபிள். இழுத்தால் கொக்கி விலகும், அவ்வளவுதான்.

இப்போது பல புதிய கார்களில் அந்தக் கேபிளின் இடத்தில் ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. கைப்பிடி வெறும் ஸ்விட்ச். அதைத் தொட்டதும் கணினிக்குத் தகவல் போகும், கணினி சரி என்றால் மோட்டார் சுற்றிக் கொக்கியை இழுக்கும். இத்தனைக்கும் கரண்ட் வருவது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. மின்சாரக் காரின் தரைக்கடியில் எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும் கதவு பொதுவாக இந்தச் சின்ன மின்சுற்றைத்தான் நம்பியிருக்கிறது. பெரிய மோதலில் பெரிய பேட்டரியின் இணைப்பு பாதுகாப்புக்காகத் தானே துண்டிக்கப்படும். அதே மோதலில் 12 வோல்ட் வயரும் அறுந்தால் கைப்பிடி செத்துவிடும்.

நான் கற்பனையாகப் பயமுறுத்தவில்லை. 2025 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் ஏறக்குறைய 1,97,000 மஸ்டாங் மாக்-இ கார்களைத் திரும்ப அழைத்தது. 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போனால், ஓட்டுநர் இறங்கிக் கதவைச் சாத்தியதும் பூட்டு பூட்டியபடியே நின்றுவிடும். பின் சீட்டில் உள்ள குழந்தையால் உள்ளிருந்து திறக்க முடியாது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2021-ஆம் ஆண்டு டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 பற்றி விசாரணை தொடங்கியது. வெளிக் கைப்பிடி வேலை செய்யாமல், உள்ளே மாட்டிய குழந்தைகளை எடுக்கப் பெற்றோர் கண்ணாடியை உடைத்த சம்பவங்கள் அந்தப் புகார்களில் இருந்தன. சீனா ஒரு படி மேலே போய், 2027 ஜனவரி 1 முதல் புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்களில் உள்ளேயும் வெளியேயும் இயந்திர முறையில் கதவு திறக்க வழி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. மனதாரச் சொல்கிறேன், எல்லா நாடுகளும் இதைச் செய்ய வேண்டும்.

"அவசர லிவர்தான் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. முன் கதவில் பெரும்பாலும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். பின் கதவில்தான் பிரச்சினை. சில மாடல்களில் கதவுப் பையின் அடியில் விரித்திருக்கும் ரப்பரை எடுத்து, கீழே உள்ள மூடியைக் கழற்றி, ஒரு கேபிளைப் பிடித்து இழுக்க வேண்டும். பட்டப்பகலில், வண்டி நிற்கும்போது, கையில் டார்ச்சோடு தேடினாலே எனக்கு நேரம் எடுக்கிறது. புகை நிறைந்த வண்டியில் ஒரு பாட்டியோ பத்து வயதுப் பிள்ளையோ அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பதற்றத்தில் மனிதன் யோசித்துச் செய்வதில்லை, கை பழகியதைச் செய்கிறது. தினமும் தொடாத லிவர் கைக்குத் தெரியாத லிவர்.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் கவனித்திருக்கிறேன். கண்ணாடியைச் சுற்றிச் சட்டகம் இல்லாத கதவுள்ள மின்சாரக் கார்களில், புதிதாக ஏறும் விருந்தாளி இறங்கும்போது பொத்தானைத் தேடாமல் நேராக அவசர லிவரை இழுத்துவிடுவார். "ஐயோ, அதை இழுக்காதீங்க" என்று உரிமையாளர் பதறுவார். கண்ணாடி சற்று இறங்குவதற்குள் கதவு திறந்தால் ஓர ரப்பரும் பட்டையும் கெட்டுப்போகலாம், கையேடும் அப்படித்தான் எச்சரிக்கிறது. யாரும் சொல்லித்தராமலேயே மனிதக் கை எதைத் தேடிப் போகிறதோ, அதைத் தொடாதே என்று பழக்குகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மின்னணு லாட்ச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லெக்ஸஸ் என்எக்ஸ் காரில் பின்னால் சைக்கிளோ வண்டியோ வந்தால் சென்சார் பார்த்துக் கதவைத் திறக்க விடாது. கதவில் அடிபட்டு விழும் சைக்கிள்காரர்களை நினைத்தால் இது பெரிய உதவி. அதே காரில் கரண்ட் போனால் அதே கைப்பிடியை இரண்டு முறை இழுத்தால் கதவு இயந்திர முறையில் திறக்கும். ஆக, இரண்டையும் ஒரே கைப்பிடியில் வைக்க முடியும். வைக்காதவர்கள் வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள்.

இயந்திர லாட்ச்சும் கெடும். கேபிள் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் கிளிப் உடையும், தூசி சேர்ந்து கொக்கி இறுகும். ஆனால் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். மாதக்கணக்கில் இறுக்கமாகும், இரண்டாவது இழுப்பில்தான் திறக்கும், சத்தம் மாறும். அந்த நிலையில்தான் என்னிடம் வருகிறார்கள். மின்னணு லாட்ச் நேற்றுவரை நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள்.

திரையைப் பற்றிச் சுருக்கமாக. வரைபடம், பாட்டு, அமைப்புகள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஓடும்போது தேவைப்படுவது இருக்கக் கூடாது. ஸ்வீடனின் வி பிலேகரே பத்திரிகை 2022-ல் 110 கிலோமீட்டர் வேகத்தில் சில சாதாரண வேலைகளைச் செய்யச் சொல்லிப் பார்த்தது. பொத்தான்கள் நிறைந்த 2005 வோல்வோவில் 10 விநாடி, 306 மீட்டரில் முடிந்தது. பின்தங்கிய தொடுதிரைக் காரில் அதற்கு 44.6 விநாடி, 1,372 மீட்டர் ஆனது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி பொத்தானோ லிவரோ இல்லாத கார்களின் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஃபோக்ஸ்வேகனும் முக்கியமான ஐந்து வேலைகளுக்குப் பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவருகிறது. திரை விஷயத்தில் காற்று திரும்பிவிட்டது, கதவில்தான் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

உங்களிடம் ஏற்கெனவே மின்னணு லாட்ச் உள்ள கார் இருந்தால் இவற்றைச் செய்யுங்கள். நான்கு கதவிலும் அவசர லிவர் எங்கே என்று கண்டுபிடியுங்கள். பின் கதவில் இல்லவே இல்லாத மாடல்களும் உண்டு, உங்களுடையது அப்படியா என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும், பெரியவர்கள் உட்பட, பின் சீட்டில் உட்காரவைத்துக் காட்டிக்கொடுங்கள். காரை நிறுத்தி, கண்ணாடியை முன்கூட்டியே இறக்கிவிட்டு, அவர்கள் கையாலேயே ஒரு முறை இழுக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் பேட்டரி பற்றிய எச்சரிக்கை வந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவி எந்தத் துளைக்கு என்று பாருங்கள். சில கார்களில் துளையே கிடையாது, முன் பம்பர் மூடிக்குப் பின்னால் வெளிப் பேட்டரி இணைக்க இரண்டு வயர்தான் இருக்கும்.

கண்ணாடி உடைக்கும் கருவி வாங்குவதற்கு முன், ஒவ்வொரு பக்கக் கண்ணாடியின் மூலையிலும் உள்ள எழுத்தைப் படியுங்கள். லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடி) என்று இருந்தால் அந்தக் கருவியால் பயனில்லை. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2019-ல் ஆறு கருவிகளைச் சோதித்தது, ஒன்றுகூட லேமினேட்டட் கண்ணாடியை உடைக்கவில்லை. டெம்பர்டு (அடித்தால் பொடிப்பொடியாக உடையும் கண்ணாடி) என்று எழுதியிருப்பது எந்தக் கண்ணாடி என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டு, கருவியை அதற்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.